பகையும் சேர்ந்ததே ஊர்

புள்ளிமானுக்குப் பகை இல்லாத இடம் எதுவும் புள்ளிமானுக்கு நல்ல இடமாக அமைந்ததில்லை. சேஷாசல மலையடிவாரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது எளிதில் மனசில் ஏறாது. மான் என்றால் நமக்குப் பாவப்பட்ட உயிர். திருப்பதிப் பல்கலைக்கழக வளாகங்களில் மதிலோரம் அது வந்து நின்றால் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகிறோம். திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்கள் பைக்குள் கைவிட்டுத் தின்ன ஏதாவது எடுத்து நீட்டுகிறார்கள். இதே மான், மனிதன் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிய ஊர்களில் காட்டை அழிக்கும் விலங்கு என்று பெயர் வாங்கியிருக்கிறது. அங்கே அதைச் சுட ஆள் வைக்கிறார்கள், வேலி போடுகிறார்கள், அரசாங்கங்கள் அவசரநிலை அறிவிக்கின்றன. மானின் குணம் எங்கும் மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த எது மாறியது என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி. அந்தக் கேள்விக்குச் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழ்கிற நாம் பதில் வைத்திருக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில் அந்தமான். அந்தத் தீவுகளின் காட்டில் மானினம் எதுவும் இயற்கையாகக் கிடையாது. புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாயும் இல்லை. தரையில் நடமாடும் பெரிய விலங்கு என்றால் காட்டுப்பன்றிதான். 1920களை ஒட்டி ஆங்கிலேய அதிகாரிகள் இந்தியப் பெருநிலத்திலிருந்து புள்ளிமான்களைக் கப்பலில் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். வேட்டைக்கு விலங்கு வேண்டும், கண்ணுக்கும் அழகாக இருக்கும் என்பதற்கு மேல் பெரிய யோசனை எதுவும் அதில் இல்லை. மான் நன்றாக நீந்தும். தீவுக்கும் தீவுக்கும் நடுவே இருக்கும் கடல்கால்களை அது தானே கடந்தது. ஆண்டு முழுவதும் குட்டி போடக்கூடிய விலங்கு அது. ஈன்ற குட்டியைக் கவ்விப்போக அங்கே எதுவும் இல்லை. சில பத்தாண்டுகளுக்குள் பெரும்பாலான தீவுகளில் மான் நிறைந்துவிட்டது. இந்தக் கணக்கைச் சரிசெய்ய 1950களில் இரண்டு சிறுத்தைகளை அங்கே கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். அவை பெருகவில்லை, அந்த முயற்சி அதோடு முடிந்தது.

நடு அந்தமானுக்கு மேற்கே இன்டர்வியூ தீவு என்று ஒன்று இருக்கிறது. மரம் வெட்டும் பி.சி. ராய் நிறுவனம் தொழிலை நிறுத்தியபோது, 1962இல், மரம் இழுக்க வைத்திருந்த யானைகளில் ஏறத்தாழ நாற்பதை அங்கே விட்டுவிட்டுப் போனது. பாகனும் சங்கிலியும் போன பிறகு அந்த யானைகள் காட்டுயானைகளாயின. ஆக, நம் பக்கத்துக் காடுகளில் ஒன்றாக வாழும் யானையும் மானும் அங்கே வேறொரு காட்டுக்குள் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. சூழலியலாளர் ரவூஃப் அலி அந்தமான் தீவுகளை ஒப்பிட்டு ஆராய்ந்து எழுதினார். இரண்டு விலங்கும் இல்லாத தீவு, மான் மட்டும் இருக்கும் தீவு, மானும் யானையும் இருக்கும் தீவு என்று பார்க்கும்போது காடு எப்படித் தேய்கிறது என்பது தெரிகிறது. யானை மரத்தைச் சாய்க்கிறது, பட்டையை உரிக்கிறது. மரம் விழுந்த இடத்தில் வெயில் இறங்கினால் கன்று முளைக்க வேண்டும். அப்படி முளைக்கும் கன்றை மான் கடித்துவிடுகிறது. யானை மட்டும் இருந்தால் காடு மெல்ல எழுந்துவிடும், மான் மட்டும் இருந்தால் பழைய மரங்கள் இன்னும் கொஞ்ச காலம் நிற்கும். இரண்டும் சேர்ந்தால் கிழவர்கள் மட்டும் வாழும் கிராமம்போல ஆகிவிடுகிறது காடு. மேலே பார்த்தால் பசுமை இருக்கிறது, கீழே குனிந்து பார்த்தால் அடுத்த தலைமுறை இல்லை.

ஹவாய்த் தீவுகளின் கதை இதைவிடப் பழையது. கங்கைச் சமவெளியில் பிடிபட்ட புள்ளிமான்கள் ஹாங்காங் வழியாக 1868இல் மொலோகாய் தீவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஐந்தாம் கமேஹமேஹா அரசருக்கு வந்த அன்பளிப்பு அது. அரசருக்கு வந்த பரிசு என்பதால் அதைத் தொடக்கூடாது என்ற காப்பும் இருந்தது. பிறகு லானாய்க்கும் 1959இல் மாவி தீவுக்கும் கொண்டுபோனார்கள். வறட்சி வந்தபோது மான் கூட்டங்கள் மேய்ச்சல் நிலத்தையும் தோட்டங்களையும் மொட்டையாக்கிவிட்டுப் பட்டினியால் சாகவும் தொடங்கின. 2021இல் அந்த மாநில ஆளுநர் மாவி வட்டாரத்துக்கு அவசரநிலை அறிவித்தார். இத்தனை அனுபவத்துக்குப் பிறகும், 2009இல் சிலர் ஒரு காட்டு ஆட்டினத்துக்கு மாற்றாகச் சில மான்களை ஹெலிகாப்டரில் ஏற்றி, மானே இல்லாத பெரிய ஹவாய்த் தீவில் இறக்கினார்கள். விஷயம் வெளியே வந்து வழக்காகி, அந்த மான்களைத் தேடி ஒழிக்க அரசாங்கம் ஆண்டுக்கணக்கில் அலைந்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1886இல் மேரிவேல் பண்ணையில் விட்ட மான்கள், டெக்சாஸில் 1932இல் விட்ட மான்கள், தென்னமெரிக்காவில் செல்வந்தர்களின் பண்ணைகளிலிருந்து வெளியேறிய மான்கள் என்று பட்டியல் நீள்கிறது. எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒன்றுதான். யாரோ ஒருவர் ஆசைப்பட்டார், மானை மட்டும் ஏற்றினார், மானைச் சூழ்ந்திருந்த எதையும் ஏற்றவில்லை.

அப்படி ஏற்றாமல் விட்டது எதை என்று பார்க்க சேஷாசலத்துக்குத்தான் வர வேண்டும். 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்த மலைத்தொடர் ஏறத்தாழ 4,750 சதுர கிலோமீட்டர் பரந்தது. அதன் நடுவே இருக்கிறது 1989இல் அறிவித்த ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா. பாறை, வறண்ட இலையுதிர்காடு, இடையிடையே தலகோனா போன்ற ஈரமான பள்ளத்தாக்குகள். பங்குனி, சித்திரை மாதங்களில் புல் காய்ந்துவிடும். அந்த நாட்களில் வறண்ட ஓடைப் படுகையில் மான் கூட்டத்தைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். மான்கள் மரத்தடியில் அண்ணாந்து நிற்கின்றன. மேலே, கொண்டமுச்சு என்று இங்கே சொல்லும் கருமுகக் குரங்குகள் தளிரைக் கடித்துப் பாதியைத் தின்று பாதியைக் கீழே போடுகின்றன. மான் அதைப் பொறுக்குகிறது. ஒரு பிணைமான் வாயில் இலைக்காம்பு தொங்க, மெல்லுவதை நிறுத்திவிட்டு முன்கால் ஒன்றைத் தூக்கியபடி அசையாமல் நிற்கும். காது இரண்டும் இரண்டு திசைக்குத் திரும்பும். மேலேயிருந்து குரங்கு ஒரு தொண்டைக் கனைப்பு விட்டால் போதும், பிணை குளம்பைத் தரையில் தட்டும், கூட்டம் முழுவதும் வால் நிமிர்ந்து புதருக்குள் போய்விடும். மிச்சத் தளிர் அப்படியே கிடக்கும். ஓடைக்கரையின் சின்னக் கன்று கடிபடாமல் தப்பிக்கும்.

அந்தக் கன்று தப்பியதற்குக் காரணம் சிறுத்தை. சிறுத்தை அன்று அங்கே வராமலேகூட இருந்திருக்கலாம். வரலாம் என்ற அச்சமே மானை ஓரிடத்தில் நின்று மேயவிடாமல் அடிக்கிறது. செந்நாய்க் கூட்டம் அதை ஓட்டுகிறது, நரியும் மலைப்பாம்பும் குட்டியை எடுக்கின்றன, கோடை அதை மெலிய வைக்கிறது. இத்தனைக்கும் நடுவில் பிழைப்பதற்காகத்தான் அந்த மானுக்கு அந்தக் காதும் அந்தக் காலும் ஆண்டு முழுக்கக் குட்டி ஈனும் வலுவும் வந்தன. இழப்பு நிறைய உள்ள ஊரில் வாழ்வதற்கென்று அமைந்த உடம்பு அது. இழப்பே இல்லாத ஊரில் அதைக் கொண்டுபோய் விட்டால் அந்த வலுவே காட்டுக்கு நோயாகிறது. ஊர் என்று நாம் சொல்வதில் மண்ணும் மழையும் மட்டும் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். ஓர் உயிரின் ஊரில் அதன் பகையும் சேர்ந்திருக்கிறது.

பெயர்த்து நடுவதில் எங்கள் பக்கத்துக்கும் ஒரு பழைய பங்கு உண்டு. திருமலைச் சரிவுகளிலும் கடப்பை மலைகளிலும் மட்டும் வளரும் ஒரு சைகஸ் இனம் இருக்கிறது. பனைபோலத் தலைவிரித்து நிற்கும் குட்டையான, மிகப் பழைய குலத்துச் செடி. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத அதன் அறிவியல் பெயர் சைகஸ் பெட்டோமி. சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக இருந்த கர்னல் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோமின் நினைவாக வைத்தது. செடிகளை அவ்வளவு நேசித்து, வரைந்து, தொகுத்த மனிதர் அவர். அதே பெட்டோம்தான் 1876இல், வறண்ட நிலங்களுக்கு ஆகும் என்று சொல்லிச் சீமைக்கருவேல விதைகளை வரவழைக்கும்படி மாகாண அரசுக்கு எழுதினார். விதைகள் ஜமைக்காவிலிருந்து வந்தன, கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் ஊன்றினார்கள். விறகுக்கும் நிழலுக்கும் வந்த அந்த மரம் இன்று கண்மாயிலும் ஏரியிலும் புறம்போக்கிலும் எப்படி நிற்கிறது என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடும் மாடும் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பின. தன் பழைய ஊரில் அதைத் தின்றும் அரித்தும் அடக்கி வைத்திருந்த பூச்சிகள் கப்பல் ஏறவில்லை.

பெட்டோம் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். விறகுப் பஞ்சம் உண்மையாகவே இருந்தது. ஆனால் இந்த மலைகளில் மட்டும் வாழ்கிற செடிக்கு யாருடைய பெயர் வைக்கப்பட்டதோ அவருடைய கையாலேயே, எங்கும் வாழ்கிற செடியும் இங்கே வந்து சேர்ந்தது என்பதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. நல்லெண்ணமும் செடியறிவும் இருந்தாலே போதாது. எந்தக் கட்டுக்குள் அந்த உயிர் வாழ்ந்தது என்று கேட்காதவரை, அறிவாளியின் கையும் அரசரின் பரிசும் வேட்டைக்காரரின் ஆசையும் ஒரே விளைவைத்தான் தருகின்றன.

ஆனால் புதிதாக வந்த விலங்கு எல்லாவற்றையும் இதே தட்டில் வைத்துவிடக் கூடாது. சித்தூருக்கு வந்த யானை வேறு கதை. அதற்கு முன் இருநூறு ஆண்டுகளாக ஆந்திரத்தின் இந்தப் பகுதியில் காட்டு யானை இருந்ததில்லை என்பார்கள். 1980களின் நடுவில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கக் காடுகளிலிருந்து யானைகள் குப்பம், பலமனேர்ப் பகுதிக்குள் இறங்கின. அவற்றுக்காகவே 1990இல் கௌண்டின்யா காட்டுயிர்ச் சரணாலயம் அமைந்தது. சுமார் 357 சதுர கிலோமீட்டர், பாலாற்றில் சேரும் கௌண்டின்ய ஆற்றின் பெயரைக் கொண்டது, அகலம் குறைந்து நீண்டு கிடக்கும் காடு. எந்தப் பக்கம் நடந்தாலும் சீக்கிரத்தில் ஏதோ ஒரு வயல் வந்துவிடும். பிறகு யானைகளில் சில வடக்கே சேஷாசலம் வரை போயின. வந்த புதிதில் எல்லையோர ஊர்களில் அவற்றைத் தமிழ்நாட்டு யானை என்றே சொன்னார்கள்.

வந்தது அயல் விலங்கா, திரும்பி வந்த பழைய குடியா? வேங்கடத்தைப் பாடிய சங்கப் புலவர்களைக் கேட்டால் தயங்காமல் பதில் சொல்வார்கள். புல்லி என்ற தலைவனின் வேங்கட மலை அகநானூற்றில் யானைகளோடுதான் வருகிறது. பிடித்த யானைக்கன்றைக் கள் விற்கும் வீட்டு வாசலில் கட்டிப்போடும் இளைஞர்கள் அங்கே உண்டு. சிலந்தியும் பாம்பும் யானையும் பூசித்ததாகச் சொல்லும் காளத்தி தலபுராணமும் யானையை இந்த மண்ணுக்குப் புதியதாக நினைக்கவில்லை. ராமகுப்பம் பக்கத்தில் கேழ்வரகுக் கொல்லையில் காவல் பரண் போட்டு இரவெல்லாம் விழித்திருக்கும் ஒரு முதியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அன்று காலைதான் அவருடைய தக்காளிச் செடிகளுக்கு ஓடிய சொட்டுநீர்க் குழாயை யானை பிடுங்கிச் சுருட்டிப் போட்டிருந்தது. முளைக்குச்சிகளெல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன. "அது நடந்து வந்துச்சு சார். யாரும் லாரியில ஏத்திக்கிட்டு வரல. அதோட காட்டை அங்க அழிச்சாங்க, அது இங்க வந்துச்சு. ஆனா என் தக்காளிக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.

நான் படித்த ஆய்வுகள் எதுவும் இந்த வேறுபாட்டை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. நடந்து வந்த விலங்கு தன் காலால் அளந்து வந்திருக்கிறது. வந்த வழியை அதுவே அறியும், திரும்பிப் போகவும் அதற்குத் தெரியும். ஏற்றி வந்து இறக்கிய விலங்குக்கு அந்த வழி கிடையாது. ஆனால் நடந்து வந்தது என்பதாலேயே பாரம் இல்லாமல் போய்விடாது. அந்தப் பாரத்தைச் சுமப்பது நெல்லும் கரும்பும் வாழையும் போட்ட சின்ன விவசாயி. மின்வேலியில் சாகிற யானையும், இருட்டில் யானை காலில் சிக்கிச் சாகிற காவல்காரரும் ஒரே இழப்பின் இரண்டு முகங்கள். அகழி வெட்டினார்கள், சோலார் வேலி போட்டார்கள். 2025 மே மாதத்தில் கர்நாடகம் நான்கு கும்கி யானைகளை ஆந்திரத்துக்குக் கொடுத்தது. பலமனேர் பக்கம் முசலிமடுகில் அவற்றுக்கு முகாம் அமைத்திருக்கிறார்கள். இதெல்லாம் வேண்டியதுதான். கூடவே, பயிர்ச்சேதத்துக்கான பணம் அடுத்த விதைப்புக்கு முன்னால் விவசாயி கைக்கு வர வேண்டும். காட்டை வைத்திருக்க வேண்டும் என்று நகரத்திலிருந்து சொல்கிற நாம் அதன் செலவை ராமகுப்பத்துக் கொல்லைக்காரர் தலையில் மட்டும் ஏற்றிவிட முடியாது.

இப்போது சிறுத்தைக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைபாதையில், நரசிம்மர் கோயில் அருகே, பெற்றோரோடு மலையேறிய ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அந்தக் குடும்பத்தின் துயரத்துக்கு முன்னால் எந்தச் சூழலியல் வாதமும் வாயடைத்துத்தான் போகும். திருமலைக் கோயிலை நடத்தும் தேவஸ்தானம் பிள்ளைகளோடு நடப்பதற்கு நேரக் கட்டுப்பாடு வைத்தது, பக்தர்களுக்குக் கைத்தடி கொடுத்தது, வழியில் விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்றது. அடுத்தடுத்த வாரங்களில் சில சிறுத்தைகள் கூண்டில் சிக்கின. பாதையில் மனித உயிரைக் காக்க இவை தேவையாக இருந்தன, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

ஆனால் அன்றிலிருந்து திருப்பதித் தேநீர்க் கடைகளில் அவ்வப்போது கேட்கிற ஒரு பேச்சு எனக்கு அச்சம் தருகிறது. மலையில் ஒரு சிறுத்தையும் இருக்கக் கூடாது, மான்கள் மட்டும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், பார்க்கவும் அழகு, பிள்ளைகளுக்கும் பயமில்லை என்கிறார்கள். அந்தமானுக்கு மான் ஏற்றிய அதிகாரியின் மனசில் ஓடியதும் இந்த ஆசைதான். அவர் மானைக் கப்பலில் ஏற்றிப் பகையிலிருந்து பிரித்தார். நாம் மானை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பகையை லாரியில் ஏற்றப் பார்க்கிறோம். கணக்கின் விடை மாறாது. சிறுத்தையும் செந்நாயும் இல்லாத சேஷாசலத்தில் புள்ளிமான் தன் சொந்தக் காட்டிலேயே அயல் விலங்காகிவிடும். செம்மரக் காட்டின் அடியில் இளங்கன்று தலையெடுக்காத நாள் அப்படித்தான் வரும்.

பழம் நீட்டும் கையும் சிறிய அளவில் இதையே செய்கிறது. நடைபாதையில் தீனி கிடைக்கிறது என்று தெரிந்த மான் பாதையோரத்தை விட்டுப் போகாது. மான் நிற்கும் இடத்துக்குச் சிறுத்தை வரும். வந்த இடத்தில் குழந்தையும் நடக்கிறது. அன்போடு கொடுத்த ஒரு வாய் தீனி மூன்று உயிர்களையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பக்தியோடு மலையேறுகிறவர் காட்டுக்குச் செய்யக்கூடிய மரியாதை, கையை மடக்கிக்கொண்டு தன் வழியே போவது. குழந்தையைக் காக்க வேண்டிய வேலை பாதையில் நடக்கட்டும். கூட்டமாக நடக்க ஏற்பாடு, வெளிச்சம், குப்பை இல்லாத ஓரங்கள், நேர ஒழுங்கு, வனக்காவலருக்குப் போதிய ஆள்பலம் எல்லாம் அங்கே இருக்கட்டும். காட்டின் நடுவில் சிறுத்தை சிறுத்தையாகவே இருக்கட்டும்.

வந்த விலங்கை நல்லது கெட்டது என்று பிரிக்கும் அளவுகோலை நாம் அதன் தோற்றத்திலிருந்து எடுக்கிறோம். மான் அழகு, ஆகவே நல்லது. சிறுத்தைக்குப் பல் இருக்கிறது, ஆகவே கெட்டது. யானை கோயிலில் நின்றால் சாமி, கொல்லையில் நின்றால் சனியன். இந்த அளவுகோலை நாம் கீழே போட்டாக வேண்டும். ஒரு விலங்கைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை இரண்டு: இது தானே வந்ததா, யாராவது கொண்டுவந்தார்களா? இதன் பெருக்கத்தைத் தாங்கிக் கட்டுக்குள் வைக்கும் உறவுகள் இங்கே உயிரோடு இருக்கின்றனவா? யாராவது கொண்டுவந்திருந்தால் பொறுப்பு கொண்டுவந்தவருக்கும் அவருக்குப் பின் வந்த நமக்கும். தானே வந்திருந்தால் அதன் வழியையும், அந்த வழியில் பயிர் வைத்திருப்பவரையும் ஒருசேரக் காப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. உறவுகள் அறுந்திருந்தால் அதை அறுத்தது யார் என்று கேட்பது நம் பொறுப்பு.

மொலோகாயிலும் இன்டர்வியூ தீவிலும் மனிதர்கள் இப்போது தேடுவது, சேஷாசலத்தில் கேட்காமலே கிடைத்திருக்கிறது. அங்கே துப்பாக்கியும் வேலியும் கோடிக்கணக்கான பணமும் செய்ய முடியாத வேலையை இங்கே சில சிறுத்தைகளும் செந்நாய்களும் கூலியில்லாமல் செய்கின்றன. அந்த வேலையை அவை தொடர்ந்து செய்ய விடுவதுதான் புள்ளிமான்மேல் நமக்கு இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் அன்புக்குச் சரியான சான்று.